நாலு பக்கம், எண்பது நிமிடம்

போன இதழில் யெஸ் குழுவின் 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' பற்றி நாலு வரி எழுதி, கேட்டவர்கள் கருத்துச் சொல்லுங்கள் என்று முடித்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதி பாராட்டு, பாதி சண்டை. 'ஏதோ பரவாயில்லை' என்று ஒருவர்கூட எழுதவில்லை. 1973-லிருந்தே அந்தத் தட்டின் ஜாதகம் அப்படித்தான். ஆகவே இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒரே மூச்சில் சொல்லுங்கள், அது என்ன தட்டு? (மதுரை வாசகர்)

இங்கிலாந்தின் யெஸ் குழு 1973 டிசம்பரில் வெளியிட்ட இரட்டைத் தட்டு. பக்கத்துக்கு ஒன்றாக நாலே பாட்டு. மொத்தம் ஏறக்குறைய 81 நிமிடம். குரல் ஜான் ஆண்டர்சன், கிதார் ஸ்டீவ் ஹவ், பேஸ் கிறிஸ் ஸ்குவயர், கீபோர்டு ரிக் வேக்மன், டிரம்ஸ் ஆலன் வைட். மூச்சு விட்டுக்கொள்ளுங்கள்.

எண்பது நிமிஷத்துக்கு நாலே பாட்டா? நாலு நிமிஷப் பாட்டுக்கே எனக்குப் பொறுமை கிடையாது. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் என்ன ஆயிற்று? (கோவை வாசகர்)

ஒன்றும் ஆகவில்லை, இடம் கிடைத்தது. எல்.பி. தட்டின் ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் சுகமாகத் தாங்கும். அந்த இருபது நிமிடத்தையே ஒரு பா வடிவமாக எடுத்துக்கொண்டார்கள், நேரிசை வெண்பாவுக்கு நாலடி என்பது போல. ஜெத்ரோ டல் குழு 1972-இல் ஒரே பாட்டைத் தட்டின் இரண்டு பக்கமும் நீட்டியது. மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்' வந்தது 1973 மே மாதம். யெஸ்ஸே 1972-இல் 'குளோஸ் டு தி எட்ஜ்' தட்டின் முதல் பக்கம் முழுவதையும் பதினெட்டு நிமிடப் பாட்டு ஒன்றுக்குக் கொடுத்து, அப்பழுக்கில்லாமல் கட்டி முடித்தது. அதைக் கட்டியவர்களுக்கு 'ஒரு பக்கம் முடிந்ததென்றால் நாலு பக்கம் ஏன் முடியாது?' என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. பொறுமை பற்றிக் கடைசியில் பேசுவோம். உங்களிடம் அது இருக்கிறது, எடுத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பரமஹம்ச யோகானந்தருக்கும் இந்த ராக் தட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று என் பேரன் சொல்கிறான். நிஜமா? (கும்பகோணம் வாசகி)

நிஜம்தான் அம்மா. பேரன் சரியாகவே சொல்லியிருக்கிறான்.

1973 மார்ச்சில் யெஸ் குழுவின் முன்னாள் டிரம்மர் பில் புரூஃபோர்டுக்குக் கல்யாணம். விருந்தில் ஆண்டர்சனுக்குப் பக்கத்தில் வந்து வாய்த்தவர் ஜேமி மியூர், கிங் கிரிம்சன் குழுவின் தாளவாத்தியக்காரர். பேச்சு எங்கெங்கோ போய் யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' நூலில் வந்து நின்றது. படித்துப் பாருங்கள் என்றார் மியூர். அவர் அதைப் பேச்சுக்குச் சொல்கிற ஆள் இல்லை. அந்த ஆண்டே குழுவை விட்டு விலகி, ஸ்காட்லாந்தில் ஒரு பௌத்த மடத்துக்குப் போனவர்.

அதே மாதம் ஜப்பான் பயணம். டோக்கியோ ஓட்டல் அறையில் ஆண்டர்சன் அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறார். 83-ஆம் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு: சாஸ்திர நூல்கள் ஸ்ருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என நான்கு வகை, மனித வாழ்வின் எல்லாத் துறையும் அவற்றில் அடக்கம். பெரிய வேலை ஒன்றுக்குக் கரு தேடிக்கொண்டிருந்தவருக்கு அந்த 'நான்கு' என்ற எண் போதுமானதாக இருந்தது. வகைக்கு ஒரு பக்கம். பயணம் தொடரத் தொடர, ஓட்டல் அறைகளில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு அவரும் ஹவும் எழுதினார்கள். அமெரிக்காவின் சவானா நகரில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து விடிவதற்குள் மொத்த அமைப்புக்கும் அடித்தளம் போட்டுவிட்டார்கள்.

ஓர் அடிக்குறிப்பிலிருந்து எண்பத்தோரு நிமிடம். புத்தகங்களில் அடிக்குறிப்பைத் தாண்டிப் போகிறவன் நான். இந்தக் கதை தெரிந்த பிறகு தாண்டுவதில்லை.

என் தகப்பனார் வேதம் படித்தவர். 'ஸ்ருதியாவது, கிதாராவது' என்று எழுந்து போய்விட்டார். (ஸ்ரீரங்கம் வாசகர்)

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. உரையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பார். இது உரை இல்லை. ஸ்ருதியில் உள்ளது எதையும் ஆண்டர்சன் பாட்டாக்கவில்லை. நாலு வாசல் கொண்ட ஒரு வீட்டின் படத்தைப் பார்த்து, அந்த நாலு வாசலை மட்டும் எடுத்துக்கொண்டு தன் வீட்டைத் தானே கட்டிக்கொண்டார். ஆனால் முதல் பக்கத்தின் தொடக்கத்தைத் தலைப்புச் சொல்லாமல் அப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்கள். இரண்டு மூன்று சுரங்களுக்குள்ளேயே குரல் நின்று, ஓதுவது போல அடுக்கடுக்காகப் பெருகி, மேலே மேலே குரல்கள் சேர்ந்து, பிறகு ஒரே வீச்சில் வாத்தியங்கள் திறந்துகொள்ளும். ஓதிப் பழகிய காதுக்கு அந்த இரண்டு நிமிடத்தில் ஏதோ பிடிபடும் என்றே நினைக்கிறேன். பிடிபடாவிட்டாலும் அவரோடு சண்டை வேண்டாம்.

நம்ம ராகம்-தானம்-பல்லவி போலத்தானே இதுவும்? (சென்னை வாசகர்)

இல்லை. அங்கே கலைஞர் மேடையில் அந்த நேரத்தில் கண்டுபிடிக்கிறார். இங்கே ஒவ்வொரு திருப்பமும் ஸ்டூடியோவில் தைத்துச் சேர்க்கப்பட்டது. யெஸ் குழு கச்சேரி தொடங்கும் முன் ஒலிபரப்பியது ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ஃபயர்பேர்ட்' இறுதிப் பகுதியை. அவர்கள் ஆசைப்பட்ட உறவுமுறை அந்தப் பக்கம். முதல் பக்கத்தில் வந்த ஒரு மெட்டு நாலாம் பக்கத்தில் வேறு வேஷத்தில் திரும்பும். அது சிம்பொனிக்காரர்களின் வழக்கம். நமக்குப் பிடித்ததையெல்லாம் நம் வீட்டுப் பெயரால் கூப்பிட வேண்டியதில்லை சார்.

மாடு வந்த கதை என்ன? ஸ்டூடியோவில் பசு மாடாமே? (ஈரோடு வாசகர்)

அட்டைப் பசு. ஆண்டர்சனுக்கு ராத்திரி நேரத்தில் காட்டுக்குள் போய் ஒலிப்பதிவு செய்ய ஆசை. மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் லண்டன் மார்கன் ஸ்டூடியோவில்தான் பதிவு. ஒலிப்பதிவுக்கு எடி ஆஃபர்ட். காடு கிடைக்காத குறைக்கு உள்ளே வைக்கோல் கட்டு, வேலி, அட்டைப் பசுக்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. குளியலறையில் பாடினால் குரல் நன்றாக இருக்கிறது என்பதற்காக, அந்த எதிரொலிக்கு ஓடு பதித்த தடுப்பும் வைத்துப் பார்த்தார்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். ஒரு மனிதர் தான் கேட்க விரும்பிய ஒலியைத் தேடி அலைந்தார், எனக்கு அதுதான் தெரிகிறது. பக்கத்து ஸ்டூடியோவில் பிளாக் சபாத் குழு பதிவு செய்துகொண்டிருந்தது. வேக்மன் அங்கே போய் அவர்களுடைய பாட்டு ஒன்றில் வாசித்துவிட்டு வந்தார், சம்பளம் பீர்.

வேக்மனுக்கு மட்டும் இந்தத் தட்டு ஏன் பிடிக்கவில்லை? அவரும்தானே வாசித்தார்? (சேலம் வாசகர்)

வாசித்தார், ஆனால் எழுதுகிற இடத்தில் அவருக்கு நாற்காலி இல்லை. கரு ஆண்டர்சன்–ஹவ் இருவருடையது. ஒத்திகையில் நிறைய இடம் 'அப்படியே போவோம், பார்ப்போம்' என்று இருந்தது. வேக்மன் முறையாகச் சங்கீதக் கல்லூரியில் படித்த கை; எழுதிய ஏட்டை எதிரே வைத்துக் கொடுத்தால் மலையைப் பிளப்பார், மூட்டத்துக்குள் விட்டால் தவிப்பார். ஒரு தட்டுக்கு அதிகமாகவும் இரண்டு தட்டுக்குக் குறைவாகவும் இருந்த சரக்கை இழுத்து நாலு பக்கத்துக்கு நிரப்பினோம் என்பது அவர் பல காலமாகச் சொல்லிவரும் குறை.

அதில் பாதி சரி. எழுபதுகளின் தட்டில் 'ஐம்பத்தைந்து நிமிடம்' என்ற அளவு அபூர்வம். பெரும்பாலும் ஒன்று நாற்பது, இல்லையென்றால் எண்பது. இரண்டுக்கும் நடுவே நின்றவர்கள் எண்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் எந்தப் பகுதி நிரப்பு என்று கேட்டால் கேட்பவர்களிடையே ஒற்றுமை கிடையாது. ஒருவர் வெட்டச் சொல்கிற இடத்தைத்தான் இன்னொருவர் நெஞ்சோடு வைத்திருக்கிறார். உங்கள் கடிதங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பக்கத்தைத் தூக்கி எறி என்று ஏழு பேர், அதுதான் உயிர் என்று ஐந்து பேர்.

மேடையிலேயே கறிச் சாப்பாடு சாப்பிட்டாராமே? (வேலூர் வாசகர்)

1973 நவம்பர், மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹால். இது வேக்மனே திரும்பத் திரும்பச் சொல்லும் கதை. கீபோர்டுக்கு அடியில் படுத்திருந்த உதவியாளர் 'கச்சேரி முடிந்ததும் என்ன சாப்பிடுகிறீர்கள்?' என்று கேட்க, இவர் சிக்கன் விண்டாலு, புலாவ், அரை டஜன் அப்பளம், வெண்டைக்காய், உருளைக்கிழங்கு, பராத்தா என்று அடுக்கினார். முடிந்ததும் வர வேண்டியது நடுவிலேயே வந்துவிட்டது. கீபோர்டு மேலேயே வைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். வாசனை அரங்கத்தில் இறங்கியது. ஆண்டர்சன் வந்து ஓர் அப்பளத்தை எடுத்துக்கொண்டு போனார்.

எல்லோரும் இதை நகைச்சுவையாக எழுதுகிறார்கள். எனக்கு அந்த இரவில் வருத்தம்தான் தெரிகிறது. தன் குழுவின் நடுவில் உட்கார்ந்திருந்தும் தனக்கு வேலை இல்லை என்று உணர்கிற வாத்தியக்காரர் அவர். 1974 மே மாதம் விலகினார். அதே சமயத்தில் அவருடைய சொந்தத் தட்டான 'ஜர்னி டு தி சென்டர் ஆஃப் தி எர்த்' பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. பிரிந்த இரு தரப்புக்கும் நல்லதே நடந்தது. பேட்ரிக் மொராஸ் வந்தார், யெஸ் 'ரிலேயர்' என்ற கொதிக்கும் தட்டைச் செய்தது. 1977-க்குள் வேக்மன் திரும்பியும் வந்துவிட்டார்.

விமர்சகர்கள் கிழித்தார்களே, விற்றதா? (தூத்துக்குடி வாசகர்)

கடைக்கு வருமுன்பே, முன்பதிவிலேயே பிரிட்டனில் தங்கத் தட்டு. வந்ததும் முதலிடம். அமெரிக்காவில் ஆறாவது இடம்.

அப்படியானால் முதலில் கேட்டவர்களுக்கே பிடித்திருந்ததா, பிடிக்கவில்லையா? (திருநெல்வேலி வாசகர்)

பாவம், அவர்கள் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தட்டு கடைக்கு வர டிசம்பர் ஆயிற்று. கச்சேரிப் பயணம் நவம்பரிலேயே தொடங்கிவிட்டது. லண்டன் ரெயின்போ அரங்கில் மட்டும் ஐந்து இரவு. முதலில் 'குளோஸ் டு தி எட்ஜ்' முழுவதும். கூட்டத்துக்கு மனம் குளிர்ந்தது. அடுத்து, பெரும்பாலோர் ஒரு சுரம்கூடக் கேட்டிராத எண்பது நிமிடம், இடைவெளி இல்லாமல். இத்தனை அடர்த்தியான ஒன்றைச் சந்திக்க அதைவிடக் கடினமான வழி கிடையாது. எழுந்து நடக்க முடியாது, பிடித்த இடத்துக்கு ஊசியை மறுபடி வைக்க முடியாது. பலர் நெளிந்தார்கள். 1974 அமெரிக்கப் பயணம் போகப் போக, இரண்டாம் பக்கத்தைக் குழுவே கைவிட்டது. தட்டின் கெட்ட பெயரில் பெரும் பங்கு அந்த அரங்குகளில் பிறந்தது என்பது என் கணிப்பு.

நீங்கள் முதலில் எப்படிக் கேட்டீர்கள், அண்ணா? (புதுச்சேரி வாசகி)

தப்பாகக் கேட்டேன், அதனால்தான் பிடித்தது.

கல்லூரிக் காலம். நண்பனின் அண்ணன் லண்டனிலிருந்து கொண்டு வந்த தட்டை ஒரு ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து, 90 நிமிட கேசட்டில் பதியச் சொன்னோம். கணக்குக் கச்சிதமாகப் பொருந்தும்: முதல் இரண்டு பக்கம் 41 நிமிடம், அடுத்த இரண்டு 40. கேசட்டின் ஒரு பக்கத்துக்கு 45. வாங்கிக்கொண்டு வந்து, 'ஏ' பக்கத்தைப் போட்டோம். எடுத்த எடுப்பில் தாளம், தாளத்தின் மேல் தாளம், சரிந்து சரிந்து அழும் ஸ்டீல் கிதார், உலகத்து மொழிகளிலிருந்து சூரியனுக்கான பெயர்களை ஒவ்வொன்றாகக் கூவும் குரல். திகைத்துப் போனேன். புதிய உலகம் ஒன்று இப்படித்தான் பிறக்கும் போல என்று நினைத்தேன்.

கடைக்காரர் இரண்டாவது தட்டை முதலில் பதிந்துவிட்டார். எங்களுக்கு அது தெரியவர ஒன்றரை வருடம் ஆயிற்று. நான் தொடக்கம் என்று மனப்பாடம் செய்துவைத்திருந்தது மூன்றாம் பக்கம், 'தி ஏன்ஷியன்ட்'. பெரும்பாலோர் வெறுக்கிற பக்கம். அவர்கள் ஏற்கெனவே நாற்பது நிமிடம் கேட்டுக் களைத்த காதோடு அங்கே வந்து சேர்கிறார்கள். நான் காலைக் காதோடு போனேன். அதே இசைதான். ஒரு சுரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மூன்றாம் பக்கத்தில் சூரியனின் பெயர்களில் தமிழ் உண்டா? (யாழ்ப்பாணம் வாசகர்)

வங்காளத்தின் சாயல் உண்டு, இந்தியின் சாயல் உண்டு. ஞாயிறு இல்லை. இருந்திருந்தால் நானும் துள்ளியிருப்பேன்.

வரிகள் ஒன்றும் புரியவில்லை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த என் மகளுக்கும் புரியவில்லை. (நாகர்கோவில் வாசகர்)

மகளின் ஆங்கிலத்தில் கோளாறு இல்லை. ஆண்டர்சன் சொல்லைப் பொருளுக்கு முன் ஓசைக்காக எடுப்பவர். அவர் குரல் உச்சத்தில் கண்ணாடி போல இருக்கும். அந்தக் கண்ணாடியில் எந்த உயிரெழுத்து மின்னுமோ அதைத் தேடுவார். பல இடங்களில் அது பலிக்கிறது. சில இடங்களில் சொற்கள் வெறும் பஞ்சாகிவிடுகின்றன, அதை மறைக்க நான் தயாரில்லை. நாலாம் பக்கத்தின் அமைதியான பகுதிகளில் மட்டும் எளிமையாக, பேச்சு மாதிரி, வீடு திரும்புவதைப் பற்றிப் பாடுகிறார். அங்கே பொருளும் ஓசையும் கை கோத்துக்கொள்கின்றன.

டிரம்மர் ஆலன் வைட் பற்றி ஒருவரும் பேசுவதில்லையே? (விழுப்புரம் வாசகர்)

பேசுவோம். புரூஃபோர்ட் போன இடத்துக்கு 1972-இல் வந்தவர். மூன்றே நாளில் குழுவின் சிக்கலான உருப்படிகளைக் கற்று மேடை ஏறினார். அதற்கு முன் ஜான் லெனனின் 'இமேஜின்' பாட்டில் அந்த அடக்கமான தாளம் இவருடையதுதான். யெஸ்ஸோடு இவர் வாசித்த முதல் ஸ்டூடியோ தட்டு 'டேல்ஸ்'. புரூஃபோர்ட் தாளத்தைக் கத்தரித்துக் கத்தரித்துக் கொடுப்பார். வைட் உருட்டி அலையாகக் கொடுப்பார். நாலாம் பக்கத்தில் தாளவாத்தியங்கள் மட்டும் மோதிக்கொள்ளும் பகுதி வரும். முதல் தடவை அது கூச்சல். அதற்கு முன் ஸ்குவயரின் பேஸ் தனியே பாடுவதையும், அதன் பின் பியானோ தணிந்து வருவதையும் சேர்த்துக் கேட்டால், நடுவில் இருக்கும் அந்தப் புயல் எதற்கு என்று விளங்கும். வைட் 2022-இல் காலமானார். ஸ்குவயர் 2015-இலேயே போய்விட்டார்.

அட்டைப் படத்தில் மீன், கோயில், பாறை... என்ன அர்த்தம்? (காரைக்குடி வாசகர்)

ரோஜர் டீன் வரைந்தது. கோயில் மெக்சிகோவின் சிச்சேன் இட்சா, தரையில் பெருவின் நாஸ்கா கோடுகள், பாறைகளில் சில இங்கிலாந்தில் நிஜமாகவே நிற்பவை. நீருக்கு அடியிலா, மேலா என்று தெரியாத வெளிச்சம். இதை 12 அங்குலத்தில் விரித்து மடியில் வைத்துப் பார்க்க வேண்டும். கைபேசித் திரையில் அது தபால்தலை.

என்னிடம் உள்ள சி.டி.யில் முதல் பாட்டுக்கு முன்னால் இரண்டு நிமிடம் அலை போல ஓசை. கோளாறான பிரதியா? (திண்டுக்கல் வாசகர்)

கோளாறு இல்லை. 1973-இல் வெட்டி எடுத்த முன்னுரை அது. 2003 மறுவெளியீட்டில் திரும்பச் சேர்த்தார்கள். எனக்கு அது பிடிக்கும். குரல் எங்கிருந்து எழுகிறது என்பது அப்போதுதான் தெரிகிறது.

இரண்டாம் பக்கம் தொய்வு என்று போன இதழில் எழுதிவிட்டீர்கள். நான் கடற்கரையில் பிறந்தவன். அலை ஏறும், இறங்கும், சில நேரம் சும்மா கிடக்கும். அதைத் தொய்வு என்பீர்களா? (நாகப்பட்டினம் வாசகர்)

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று இரவே 'தி ரிமெம்பரிங்'கைத் திரும்பப் போட்டேன். தட்டோடு வந்த குறிப்பிலேயே, மனக்கடலின் ஏற்ற இறக்கத்தையும் ஆழத்தையும் வேக்மனின் கீபோர்டுகள் உயிர்ப்பிப்பதாகச் சொல்லியிருப்பார்கள். அந்த வரியை நான் பல தடவை வாசித்தும் காதில் வாங்கவில்லை. நீங்கள் வாசிக்காமலே கேட்டுவிட்டீர்கள். மெலோட்ரான் என்ற கீபோர்டின் அந்தப் புகைமூட்டமான தந்தி ஓசை, ஏறுவதற்கு முன் ஒரு கணம் தயங்குகிறது; வற்று நீர் திரும்பும்போது மணலில் நிற்கிற கணம் போல. ஒன்பதாவது நிமிடத்துக்குப் பிறகு ஒன்றிரண்டு இடத்தில் இன்னமும் எனக்குக் கால் கடுக்கிறது. ஆனால் தொய்வு என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். தனக்கே பிடிக்காத தட்டில் வேக்மன் இவ்வளவு அழகாக வாசித்திருக்கிறார் என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது.

என் வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் நாலு பாட்டையும் கைபேசியில் தொடர்ந்து ஓடவிடுகிறார். எனக்குத் தலைவலி. அவரும் மூன்றாவதில் தூங்கிவிடுகிறார். (தாம்பரம் வாசகி)

அம்மா, உங்கள் தலைவலிக்குக் காரணம் யெஸ் இல்லை, அந்த 'தொடர்ந்து'தான். 1973-இல் இதை வீட்டில் தட்டில் கேட்ட யாராலும் அப்படிக் கேட்டிருக்க முடியாது. இருபது நிமிடம் ஆனதும் ஊசி உள்வட்டத்துக்குப் போய் 'டிக், டிக்' என்று சுற்றும். எழுந்திருக்க வேண்டும். தட்டை இரு உள்ளங்கையாலும் ஓரத்தில் பிடித்துத் திருப்ப வேண்டும், தூசி துடைக்க வேண்டும், ஊசியை இறக்க வேண்டும். பல பேர் திருப்பாமலே உறையில் போட்டுவிட்டு மற்றதை நாளைக்கு வைத்துக்கொண்டார்கள். அந்த மௌனங்களும் தட்டின் பகுதிதான். யாரும் இசையமைக்காத பகுதி. பிடித்தது என்கிறவர்களின் கடிதங்களைப் பாருங்கள், அநேகமாக எல்லோருமே ஒவ்வொரு பக்கமாகக் கேட்டவர்கள். பிடிக்கவில்லை என்கிறவர்களில் பாதிப் பேர் ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார்கள். கோவை வாசகருக்கும் இதுவே பதில்: உங்களிடம் எண்பது நிமிடப் பொறுமையை யாரும் கேட்கவில்லை. இருபதுதான்.

வீட்டுக்காரரிடம் ஞாயிறுக்கு ஒரு பக்கம் என்று பேசி முடியுங்கள். ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.

இன்றைக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்பேன். முழுப் பக்கம்கூட முடியாது. எதைக் கேட்கட்டும்? (தஞ்சாவூர் வாசகர்)

மூன்றாம் பக்கத்தின் கடைசி ஆறு நிமிடம். அத்தனை கொந்தளிப்பும் அடங்கி, ஸ்டீவ் ஹவ் தனியே உட்கார்ந்து வெறும் கிதாரை எடுக்கிறார். நரம்பின் மேல் விரல் நகரும் உரசல்கூடக் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்து சேரும். ஹெட்ஃபோன் வேண்டாம், விளக்கை மட்டும் அணைத்துவிடுங்கள். கேட்டதும் எழுதுங்கள்.